மூன்று வரிசை எஸ்யூவிக்கு டிக்கி லைனர்: முதலில் கடைசி சீட்டைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "மூன்று வரிசை சீட் உள்ள பெரிய எஸ்யூவி எடுத்திருக்கிறோம். இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு நாய். டிக்கிக்கு லைனர் போடலாம் என்று தேடினால் ரப்பர், டிபிஇ, துணி, பிளாஸ்டிக் டிரே என்று ஏகப்பட்டது வருகிறது. எதை வாங்குவது?"

சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் என்ன ஊறிக் கிடக்கிறது என்று பார்க்கிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: லைனர் எந்தப் பொருளில் செய்தது என்பதை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வண்டியின் கடைசி சீட்டை. ஒரு மாதத்தில் அது எத்தனை நாள் நிமிர்ந்து நிற்கிறது, எத்தனை நாள் மடங்கிக் கிடக்கிறது, ஒரே நாளில் எத்தனை முறை மாறுகிறது? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கடையில் இருப்பதில் பாதியைத் தள்ளிவிடலாம்.

ஐந்து பேர் காரில் இந்தத் தொல்லை இல்லை. டிக்கியின் அளவு எப்போதும் ஒன்றுதான். மூன்று வரிசை வண்டிக்கு மூன்று டிக்கி. 2020 மாடல் டொயோட்டா ஹைலாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கணக்குப்படி கடைசி சீட் நிமிர்ந்திருக்கும்போது அதன் பின்னால் சுமார் 450 லிட்டர் இடம். அதை மடக்கினால் சுமார் 1,370. இரண்டாம் வரிசையையும் மடக்கினால் 2,380ஐத் தாண்டும். 2020 மாடல் கியா டெல்லுரைடில் முதல் இரண்டு எண்கள் ஏறக்குறைய 595, 1,300. கடைசி சீட்டை மடக்கியதும் இடம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடுகிறது. ஒரே விரிப்பு இந்த இரண்டு அளவுக்கும் எப்படிப் பொருந்தும்? அங்கேதான் சிக்கல்.

என் முதல் மூன்று வரிசை வண்டிக்கு, இரண்டாம் வரிசைக்குப் பின்னால் உள்ள மொத்தத்தையும் மூடுகிற ஒரே துண்டு லைனரை வாங்கினேன். விரித்துப் பார்த்தபோது அவ்வளவு அழகு. மூலை முடுக்கெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், கடைசி சீட்டை நிமிர்த்த வேண்டியிருந்தது. லைனர் இருக்கும்வரை சீட் நிமிராது. கழற்றிச் சுருட்டி வீட்டு மூலையில் சாத்திவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்குப் பார்த்துத்தான் பால் கேன் சாய்ந்தது. மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். கால் லிட்டர் போயிருந்தால் அதிகம். கார்பெட்டைத் துடைத்து, சோப்பு போட்டு, வெயிலில் காயவைத்தும் வாடை போகவில்லை. கடைசியில் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், சீட் கீல் பக்கத்து இடுக்கு வழியாக இறங்கி அடியில் இருந்த ஸ்பாஞ்சில் ஊறியிருந்தது. பால் கொட்டிய வண்டியில் ஒரு வெயில் காலத்தைக் கழித்தவர்களுக்கு நான் மேலே சொல்ல ஒன்றும் இல்லை.

லைனர் மேல் எந்தக் குற்றமும் கிடையாது. வண்டியைப் பயன்படுத்துகிற விதத்துக்குப் பொருந்தாததை வாங்கியது நான்.

ஆக, மூன்று வகைதான் உங்கள் முன்னால் இருக்கிறது. கடைசி சீட்டுக்குப் பின்னால் மட்டும் போடுகிற சின்ன லைனர் ஒன்று. அந்தச் சீட் மடங்கியிருக்கும் நிலைக்கென்று செய்த பெரிய ஒற்றைத் துண்டு இன்னொன்று. மூன்றாவது, சின்ன லைனரோடு சீட் முதுகை மூடும் மடிப்புகளும் சேர்ந்தது. சீட் பெரும்பாலும் 60க்கு 40 என்று பிரிந்து மடங்குவதால் மடிப்பும் அதே இடத்தில் பிரிந்திருக்கும். சீட் எழுந்தால் கூடவே எழும், படுத்தால் கூடவே படுக்கும். கடைசி சீட்டை வருடத்துக்கு நாலு முறைதான் தொடுவீர்கள் என்றால் ஒற்றைத் துண்டே மேல். அதில் இணைப்பே இல்லை, ஒழுக வழியும் இல்லை. அந்தச் சீட்டில் தினமும் யாராவது உட்காருவார்கள் என்றால் சின்னது போதும். வாரத்துக்கு ஒரு முறையாவது மாறுகிற வீடாக இருந்தால் மூன்றாவது வகையைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள். பிள்ளைகள் உள்ள வீடுகள் பெரும்பாலும் இதில்தான் வரும். பெரிய ஒற்றைத் துண்டை அவ்வப்போது கழற்றி மாட்டிக்கொள்ளலாம் என்று மனது சொல்லும். இரண்டு சதுர மீட்டர் அளவில் 3 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் 8 கிலோவைத் தொடும். நனைந்த, சேறு பட்ட 8 கிலோவை ஒற்றை ஆளாக வெளியே இழுத்துப் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மடிப்பு வகையில் ஒரு குறை உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தரைக்கும் சீட் முதுகுக்கும் நடுவில் இருக்கிற கீல் இடுக்கில் மடிப்பின் இணைப்பு வரும். அது ஒரே வார்ப்பாக, ரப்பர் கீல் மாதிரி மெல்லியதாக வளைகிறதா, அல்லது தைத்தோ வெல்க்ரோ ஒட்டியோ சேர்த்திருக்கிறார்களா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தையல் என்றால் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். வெல்க்ரோ என்றால் தூசியும் நாய் முடியும் அடைத்து ஒரு வருடத்தில் பிடிப்பு போய்விடும். ஒரே வார்ப்பாக வளைகிற இணைப்பு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

அடுத்தது, லைனருக்கு நாம் கொடுக்கிற வேலை. உண்மையில் இரண்டு வேலை கொடுக்கிறோம், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கொட்டியதைப் பிடித்து வைக்க வேண்டும். அதற்கு உயரமான கரை வேண்டும். வைத்த பொருளை நகராமல் பிடிக்க வேண்டும். அதற்குச் சொரசொரப்பான, கொஞ்சம் மெத்தென்ற மேற்பரப்பு வேண்டும். கரை உயர்ந்தால் கனமான பெட்டியைத் தள்ளி ஏற்ற முடியாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். சொரசொரப்பு கூடினால் பெட்டியை உள்ளே இழுக்கவே முடியாது. இரண்டிலும் எது உங்களுக்கு முக்கியம் என்று கேட்டால் எல்லோரும் இரண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் கரையைப் பற்றிய ஆசை கொஞ்சம் குறையும்.

டிக்கித் தரை எப்போதும் மட்டமாக இருப்பதில்லை. வண்டி நிற்கிற இடத்தையும் உள்ளே உள்ள எடையையும் பொறுத்து இரண்டு டிகிரி சரிவு சாதாரணம்; மீட்டருக்கு மூன்றரை செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லைனர் 1.1 மீட்டர் அகலம் என்றால், ஒரு லிட்டர் கொட்டினால் தாழ்ந்த ஓரத்தில் 8 மி.மீ. உயரத்துக்கு நிற்கும். ஐந்து லிட்டர் கொட்டினால் ஏறக்குறைய 18 மி.மீ. இதுவரைக்கும் 3, 4 செ.மீ. கரை தாராளம். ஆனால் வண்டி ஓடும். சாலையில் கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்தால் புவியீர்ப்பில் 0.3 பங்கு விசை முன்னோக்கித் தள்ளும். தண்ணீர் மட்டம் 17 டிகிரி சாயும். அப்போது அந்த ஒரு லிட்டரே முன் கரையில் 2.4 செ.மீ. ஏறும். ஐந்து லிட்டர் என்றால் 5 செ.மீ.க்கு மேல். கரை 4 செ.மீ. என்றால் ஒரு பாட்டில் கொட்டியதைத் தாங்கும், ஒரு பெரிய கேன் கொட்டியதைத் தாங்காது. பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் இதே கதைதான். விளம்பரத்தில் நடுவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டுவார்கள். வண்டி நின்றுகொண்டிருக்கும், அதைக் கவனியுங்கள்.

அதனால் நான் கேட்பது 3 அல்லது 4 செ.மீ. கரை, அதுவும் நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல். பின்கதவுப் பக்கம் மட்டும் கரையைத் தட்டையாக்கி ஏற்ற வசதி செய்திருக்கிற லைனர்கள் உண்டு. பார்க்கப் பிடித்துப்போகும், ஆனால் மேட்டில் ஏறும்போது ஒழுகுவது அந்தப் பக்கம்தான். பின்கதவின் ரப்பர் பீடிங்குக்குள் போய்விட்டால் உலர வாரக்கணக்காகும். முன்பக்கக் கரையையும் விட்டுவிடாதீர்கள். பல லைனர்களில் மூன்று பக்கம் உயரமாக இருக்கும், சீட் பக்கம் மட்டும் தாழ்ந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது தண்ணீர் போவதே அங்குதான்.

சொரசொரப்பைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். லைனர் கைக்கு வந்ததும், வண்டியில் போடுவதற்கு முன்பே செய்துபாருங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பலாம். ஒரு மீட்டர் பலகையில் அதை விரியுங்கள். நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற பெட்டி ஒன்றை, உள்ளே பொருளோடு, மேலே வையுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாகத் தூக்குங்கள். முனை 40 செ.மீ. உயரம் வரும்வரை பெட்டி நகரவில்லை என்றால் உராய்வு எண் 0.43க்கு மேல் இருக்கிறது என்று அர்த்தம். சாதாரண வளைவிலும் சாதாரண பிரேக்கிலும் பெட்டி நகராது. 30 செ.மீ.யிலேயே வழுக்கிவிட்டால் முதல் ரவுண்டானாவில் பெட்டி மறுபக்கம் போய் இடிக்கும். கெட்டியான பாலிஎத்திலீன் டிரேக்கள் பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். நனைந்த பிறகு இன்னொரு முறை செய்துபாருங்கள், முடிவு வேறாக இருக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வழுக்காத லைனர் பொருளைக் கட்டி வைக்கிற கயிற்றுக்கு ஈடாகாது. 50 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே கட்டாமல் கிடக்கிற 10 கிலோ பெட்டி ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னால் வரும். எந்த ரப்பரும் அதைப் பிடிக்காது. லைனர் வாங்கும்போது தரையில் இருக்கும் கட்டும் வளையங்கள் நாலும் வெளியே தெரிகின்றனவா, அதற்கு வெட்டு விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வளையத்தை மூடிவிடுகிற லைனரில் யாரும் பெட்டியைக் கட்ட மாட்டார்கள், சோம்பல்தான் காரணம்.

சரி, இனி பொருளுக்கு வருவோம்.

டிபிஇ என்பது தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமர். ரப்பர் மாதிரி வளையும், பிளாஸ்டிக் மாதிரி சூட்டில் உருக்கி அச்சில் வார்க்கலாம். வண்டியை லேசரில் அளந்து, அந்த வடிவத்துக்கு அப்படியே செய்கிற லைனர்களில் இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். வாசனை குறைவு, குளிரில் விறைப்பது குறைவு, எடையும் ரப்பரைவிடக் குறைவு. குறை என்னவென்றால் எண்ணெய். கிரீஸ், இன்ஜின் ஆயில், சைக்கிள் செயின் எண்ணெய் பட்டு நாள்கணக்கில் கிடந்தால் அந்த இடம் உப்பி மெத்தென்றாகிவிடும். உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. டிபிஇ என்ற பெயரில் வருவதெல்லாம் ஒரே கலவை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கையில் கிடைத்தால் ஒரு மூலையை மடக்கிப் பிடித்து விடுங்கள். வெள்ளைக் கோடு விழுந்தால் கலவையில் நிரப்புப் பொருள் அதிகம். அது மடிப்பில் வெடிக்கும்.

ரப்பர் கனமானது, அதனாலேயே நகராமல் கிடக்கும். பெட்டியை நன்றாகப் பிடிக்கும், நாயின் நகத்தையும் தள்ளுவண்டியின் சக்கரத்தையும் பொருட்படுத்தாது. வல்கனைஸ் செய்யும்போது, அதாவது ரப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது, கந்தகமும் வேறு வேதிப்பொருள்களும் சேர்ப்பதால் புதிதில் நெடி அடிக்கும். நிழலில் காற்றாட ஒரு வாரம் தொங்கவிட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மலிவான மறுசுழற்சி ரப்பர், திருப்பிக் கொடுங்கள். வார்த்த கரை ரப்பரில் குறைவு. பெரும்பாலும் தட்டை விரிப்பாகவே வரும்.

பிவிசி மலிவு, எண்ணெய்க்குக் கொஞ்சம் தாங்கும். ஆனால் அதை மென்மையாக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் வெயில் சூட்டில் மெல்ல ஆவியாகி முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் படலமாகப் படியும். இரவில் எதிர் வண்டியின் விளக்கில் கண்ணாடி மங்கலாகத் தெரிந்தால், துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தால், உள்ளே பிவிசி எதுவும் கிடக்கிறதா என்று பாருங்கள். மென்மை போன பிவிசி குளிரில் விரிசல் விடும்.

தேன்கூடு மாதிரி குழிகள் உள்ள இவிஏ விரிப்பு நுரை மாதிரியான பிளாஸ்டிக், ரொம்ப லேசு. குழிகள் தண்ணீரையும் மண்ணையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மூடிய வண்டியின் வெயில் சூட்டில் சுருங்குகிற குணம் உண்டு. ஓரம் ஒரு விரல் அளவு உள்ளே போய்விடும். ஈரமான துணி, மணல் என்று அடிக்கடி ஏற்றுபவர்கள் தட்டி உதறப் பயன்படுத்தலாம். குடும்ப வண்டிக்கு முதல் தேர்வாக நான் சொல்ல மாட்டேன். கார்பெட் விரிப்பு அழகு, அவ்வளவுதான்.

நாய் இருப்பதால் துணி லைனரைத் தள்ள முடியாது. தைத்த பஞ்சுத் துணி விரிப்பு தரையோடு நிற்காமல் சக்கர வளைவு, பக்கச் சுவர், சீட் முதுகு, பம்பர் வரைக்கும் மூடும். எந்த வார்ப்பு லைனரும் பக்கச் சுவரைக் காப்பாற்றாது, நாய் கீறுவதோ அங்குதான். துணியின் அடிப் பூச்சு தண்ணீரை நிறுத்தும், தையல் வரிசை நிறுத்தாது. ஆகவே வார்ப்பு லைனரைப் போட்டு, நாய் வரும் நாளில் மட்டும் மேலே துணியை விரிப்பதுதான் நான் பார்த்ததில் நன்றாக நடக்கிற ஏற்பாடு. கெட்டி பிளாஸ்டிக் டிரேயில் நாயை மட்டும் நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வளைவிலும் கால் வழுக்கி அது படுகிற பாடு பரிதாபம்.

தீப்பற்றும் தன்மையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். வண்டிக்குள் இருக்கும் பொருள்களுக்கு அமெரிக்காவில் எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற விதி இருக்கிறது: கிடைமட்டமாக எரியும் வேகம் நிமிடத்துக்கு 102 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது. ஐஎஸ்ஓ 3795 அதே மாதிரியான சோதனை. இவற்றில் ஒன்றைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும்.

வாங்கிய பிறகு வருகிற வருத்தம் பெரும்பாலும் பொருத்தத்தில்தான் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் தரை ஒன்றாக இருப்பதில்லை. ஒரே மாடலில் ஏழு சீட், எட்டு சீட் என்று இரண்டு. இரண்டாம் வரிசையில் தனித்தனி நாற்காலி உள்ளது, நீளமான பெஞ்ச் உள்ளது. பெரிய லைனருக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஹைபிரிட் ரகத்தில் தரை சில வண்டிகளில் வேறு. பக்கச் சுவரில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அந்த ஓரம் வெட்டு வேறு. ஏற்றி இறக்கக்கூடிய இரட்டைத் தரை இருந்தால் எந்த நிலைக்குச் செய்த லைனர் என்று கேளுங்கள். மேல் நிலைக்குச் செய்தது கீழ் நிலையில் மடங்கி நிற்கும். வண்டி வாங்கிய வருடத்தைப் பார்க்காதீர்கள், மாடல் வருடத்தைப் பாருங்கள். தலைமுறை மாறும் வருடத்தில் இந்தத் தவறு நிறைய நடக்கும்.

தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருக்கும் வண்டிகளில், அதை இறக்கும் கம்பியை நுழைக்கும் ஓட்டை டிக்கித் தரையிலேயே இருக்கலாம். 2023 மாடல் ஹோண்டா பைலட்டின் சில ரகங்களில் இரண்டாம் வரிசை நடுச் சீட்டைக் கழற்றித் தரைக்கு அடியில் வைக்கலாம். மேலே கரை உள்ள லைனர் இருந்தால் முதலில் அதைத் தூக்க வேண்டும். ராத்திரி மழையில் பஞ்சராகி நிற்கும்போது டிக்கியில் உள்ள எல்லாவற்றையும் வெளியே எடுத்து லைனரைச் சுருட்ட வேண்டுமா என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்காக ஒன்று. சைல்டு சீட்டின் மேல்பட்டையை மாட்டும் கொக்கி இருக்கிற இடம் பெரும்பாலும் சீட்டின் முதுகுப் பக்கம். சீட் முதுகை மூடும் மடிப்பு அதை மறைத்துவிடும். நல்ல லைனரில் கொக்கிக்கு நேராகக் கீறல் வெட்டு இருக்கும். இல்லாவிட்டால் பட்டையை மாட்டாமலே விட்டுவிடுகிறார்கள், அல்லது தரையில் தெரியும் பெட்டி கட்டும் வளையத்தில் மாட்டிவிடுகிறார்கள். நானே கண்டிருக்கிறேன். அந்த வளையம் குழந்தை சீட்டின் விசையைத் தாங்கச் செய்ததல்ல. வண்டியோடு வந்த புத்தகத்தில் கொக்கியின் இடம் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். லைனரை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஹைபிரிட் வண்டி என்றால் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பல வண்டிகளில் பின் சீட்டுக்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும். நாய்க்காக விரிக்கும் துணி அதன் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைபட்டால் பேட்டரி சூடாகும், எச்சரிக்கை விளக்கு எரியும், சர்வீஸில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர்கள் முடி அடைத்த சல்லடையை எடுத்துக் காட்டுவார்கள்.

மோட்டாரில் மடங்கும் சீட், மோட்டாரில் மூடும் பின்கதவு இருந்தால் லைனர் போட்டதும் இரண்டையும் மூன்று நான்கு முறை இயக்கிப் பாருங்கள். சீட் முதுகில் கனமான மடிப்பு இருந்தால் மோட்டார் தடை என்று நினைத்துப் பாதியில் நிற்கலாம். பின்கதவு மூடும் இடத்தில் பூட்டு கவ்வும் கொக்கி இருக்கிறதே, அதன் பக்கத்தில் லைனரின் ஓரமோ பம்பரின் மேல் தொங்கவிடும் துண்டோ விழுந்தால் கதவு மூடி உடனே திரும்பத் திறக்கும். கதவில் கோளாறு என்று தேடி அலைய வேண்டியதில்லை.

பராமரிப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த தவறு ஒன்று: லைனர் போட்டாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று இரண்டு வருடம் தூக்கிப் பார்க்காமலே விடுவது. மேலே பளபளவென்று இருக்கும். தூக்கினால் கீழே கார்பெட்டில் பூஞ்சை. ஓரம் வழியாக ஒரு முறை இறங்கிய ஈரம் மேலே லைனர் மூடியிருப்பதால் போக வழியில்லாமல் தங்கிவிடும். சாலையில் பனிக்கு உப்பு போடுகிற இடங்களில் இது இன்னும் மோசம். கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அது ஊறிய கார்பெட் முழுதாகக் காயவே காயாது. தரைக்கு அடியில் வயர் இணைப்புகளும், சில வண்டிகளில் 12 வோல்ட் பேட்டரியும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை ஒரு மூலையைத் தூக்கி உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் லைனரை எடுத்துவிட்டு ஒரு நாள் காயவிடுங்கள்.

கழுவ சாதாரண சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். டயருக்குப் பூசும் சிலிக்கோன் பாலிஷைப் பளபளப்புக்காக லைனரில் தேய்த்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அடுத்த நாள் அவர் டிக்கியில் வைத்த கருவிப் பெட்டி முன்னும் பின்னும் பந்து விளையாடியது. எத்தனை முறை கழுவியும் அந்த வழவழப்பு முழுதாகப் போகவில்லை.

சுருட்டி அனுப்பிய லைனர் முதல் நாள் அலை அலையாக இருந்தால் பயப்படாதீர்கள். வெயிலில் ஒரு மணி நேரம் விரித்து வைத்து, சூடாக இருக்கும்போதே வண்டியில் போட்டு மூலைகளில் எடை வையுங்கள். பெட்டிக்குள் ஒடித்து மடக்கி அனுப்பியிருந்தால்தான் கவலை. அந்த மடிப்புக் கோடு போகாது, பிறகு அங்கேதான் கிழியும். அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என்ன வாங்குவேன்? இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் தள்ளுவண்டியும் மண் ஒட்டிய சக்கரங்களும் நிச்சயம். கடைசி சீட் வாரத்துக்கு ஒரு முறையாவது மாறும் என்றுதான் நினைக்கிறேன். வண்டியின் மாடல் வருடத்துக்கென்றே வார்த்த டிபிஇ, 3 செ.மீ.க்குக் குறையாத கரை நாலு பக்கமும், 60க்கு 40 பிரிந்த சீட் முதுகு மடிப்பு ஒரே வார்ப்பு இணைப்போடு, மேல்பட்டைக் கொக்கிக்கு வெட்டு, வளையங்கள் திறந்தபடி. நாய் வரும் நாளுக்கு மடித்து வைக்கக்கூடிய துணி விரிப்பு ஒன்று தனியாக. உங்கள் வண்டிக்கு மடிப்போடு வார்த்தது கிடைக்கவில்லை என்றால் ஒற்றைப் பெரிய துண்டை எடுக்காதீர்கள். கடைசி சீட்டுக்குப் பின்னால் போடும் சின்ன வார்ப்பு லைனரை எடுத்து நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். சீட் முதுகுக்குத் தட்டை ரப்பர் விரிப்பை அளந்து வெட்டிக்கொள்ளலாம். முதலில் செய்தித்தாளை ஒட்டி அச்சு எடுங்கள், ரப்பரை அச்சைவிட ஒரு விரல் பெரிதாக வெட்டுங்கள், வண்டியில் வைத்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அளவெடுக்கும்போது சக்கர வளைவுகளுக்கு நடுவில் உள்ள மிகக் குறுகிய இடத்தையும் பின்கதவுத் திறப்பின் அகலத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே விரிகிற துண்டு கதவு வழியாக நுழைய வேண்டுமே.